எறிவதற்கு முன் ஒருமுறை வாசிப்போம்: நம்ம பாடசாலையின் பழைய பியானோவுக்குள் எழுதியிருப்பவை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். பழைய மாணவர்கள் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டியிருக்கிறது.

போன கிழமை நம்ம பாடசாலையில் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பு நடந்தது. களஞ்சிய அறைக்கு என்னையும் இன்னும் இரண்டு ஆசிரியர்களையும் போட்டிருந்தார்கள். உடைந்த கதிரை, கால் இல்லாத மேசை, பழுதான தட்டச்சு இயந்திரம் என்று பட்டியல் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு வரி: "பியானோ – 1 – பாவனைக்கு உதவாது – அகற்றலாம்."

நம்மில் பலருக்கு அதைத் தெரியும். மண்டபத்து மூலையில் சுவரோடு சாய்ந்து நின்ற கறுப்புப் பெட்டி. அதற்கு மேல் பரிசளிப்பு விழாக் கிண்ணங்களை அடுக்கி வைப்பார்கள். மண்டபம் திருத்தியபோது களஞ்சியத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

பழைய இரும்பு எடுக்கும் நானாவும் அன்று வந்திருந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "உள்ளுக்கு நல்ல பாரமான இரும்பு இருக்கு சேர். கட்டரால கம்பியெல்லாம் வெட்டிட்டா ஒரு மணித்தியாலத்துல கழட்டிரலாம்" என்றார்.

"நானா, கம்பியில மட்டும் கை வைக்காதீங்க" என்று நான் அவசரமாகச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதைக் கீழே விளக்குகிறேன். அது உயிர் சம்பந்தப்பட்ட விசயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "ஒரு முஸ்லிம் வாத்தியார் இசைக் கருவியைப் பற்றி ஏன் எழுதுகிறார்?" என்று சிலர் கேட்பார்கள். இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பைச் சொல்ல நான் ஆள் இல்லை. அது உலமாக்களின் வேலை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வரலாறு எடுத்த விரிவுரையாளர் அடிக்கடி ஒன்று சொல்வார்: "மூலாதாரம் என்றால் ஓலையும் கல்லும் தாளும் மட்டுமில்லை. மனிதன் செய்த எதிலும் அவன் கைப்பட எழுதியது இருக்கும். தேடிப் பாருங்கள்." அந்தக் கண்ணோடுதான் இந்தப் பெட்டியைத் திறந்தேன். தரம் 9 பிள்ளைகள் மூன்று பேரும் டோர்ச்சோடு கூட வந்தார்கள்.

*முகப்பை நம்ப வேண்டாம்*

பியானோவின் முன்பக்கம், கட்டைகளுக்கு மேலே உள்ள பலகையில் வழக்கமாகத் தங்க எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். நம்ம பியானோவில் அது உரிந்து, இரண்டு மூன்று எழுத்துக்களின் கோடு மட்டும் மிச்சம். "பெயர் இல்லாட்டி ஒண்டும் கண்டுபிடிக்க ஏலாதே சேர்" என்றான் ஒரு மாணவன்.

உண்மை வேறு. அந்தப் பெயர் இருந்திருந்தாலும் அதை முழுதாக நம்ப முடியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஒரு தொழிற்சாலை செய்த பியானோவில், அதை விற்ற கடை தன் பெயரைப் போட்டுக்கொள்வது சாதாரண வழக்கம். இன்று ஒரே ஆலையில் தைத்த சேர்ட்டுக்கு நாலு கடை நாலு லேபல் ஒட்டுவது போலத்தான். ஆகவே முகப்பில் இருப்பது வாங்குபவருக்கு எழுதியது. உள்ளே இருப்பது வேலை செய்தவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது. அதில் பொய் சொல்ல அவர்களுக்குக் காரணம் குறைவு.

மேல் மூடியைத் தூக்கி, இரண்டு மரப் பூட்டைத் திருப்பினால் முன் பலகை கழன்று வரும். நாங்கள் அதைக் கழற்றி வைத்தோம்.

*கம்பிகள் சொல்லும் கணக்கு*

முதலில் கண்ணில் பட்டது கம்பிகள்தான். இருநூற்றுக்கும் மேல். எல்லாம் கறள் பிடித்து மண்ணிறமாக இருந்தன. ஒவ்வொரு கம்பியும் மேலே ஒரு முறுக்காணியில் சுற்றி, கீழே ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறது. நடுவில் ஒலிப்பலகையில் பொருத்திய மரக் குதிரை ஒன்றின் மேல் ஏறிப் போகிறது. வீணையிலும் வயலினிலும் உள்ள குதிரையின் அதே வேலைதான். கம்பியின் அதிர்வைப் பலகைக்குக் கொண்டுபோவது.

பிள்ளைகள் கட்டைகளை எண்ணினார்கள். 85. கம்பிகள் ஏன் அதைவிட இவ்வளவு அதிகம்?

வலது பக்கம், அதாவது கீச்சுச் சுரங்கள் உள்ள பக்கம், ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். இடது பக்கம் போகப் போக இரண்டு. கடைசியில் தடித்த கம்பி ஒன்றே ஒன்று. குட்டைக் கம்பியின் சத்தம் மெலிந்தது. அதனால் ஒரே சுரத்துக்கு மூன்றைச் சேர்த்துக் கட்டினார்கள். இது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய யோசனை இல்லை. அரபுலகத்தின் கானூன் கருவியிலும் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி கட்டுவதுதான் வழக்கம்.

அடுத்தது தடிப்பு. இடது பக்கக் கம்பிகளின் மேல் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. ஏன் என்று கேட்டபோது கணக்குப் பாடம் ஒன்று நடந்தது. கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே போகும். இது பண்டைய கிரேக்கருக்குத் தெரியும். 950ஆம் ஆண்டு காலமான அல் ஃபாராபி தனது பெரிய இசை நூலில் ஊத் கருவியின் கம்பியில் எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று விகிதங்களாகக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார். அப்படியென்றால் ஒரு ஸ்தாயி கீழே போக நீளத்தை இரட்டிப்பாக்க வேண்டும்.

85 கட்டை என்றால் சரியாக 7 ஸ்தாயி. வலது ஓரக் கம்பியின் அதிரும் பகுதி சுமார் 6 சென்ரிமீற்றர். இரட்டித்துக்கொண்டே போங்கள்: 12, 24, 48, 96, 192, 384, 768. இடது ஓரக் கம்பி 7 மீற்றர் 68 சென்ரிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். அதாவது ஒரு வகுப்பறையின் நீளம். இந்தப் பெட்டியின் உயரமோ ஒரு மீற்றரும் கொஞ்சமும்தான்.

தீர்வு என்ன? 1636இல் பிரான்ஸ் நாட்டு மெர்சென் என்ற பாதிரியார் கம்பிகளின் விதியை எழுதி வைத்தார். சுரம் நீளத்தில் மட்டுமல்ல, இழுவிசையிலும் கம்பியின் பாரத்திலும் தங்கியிருக்கிறது. நீளத்தைக் கூட்ட இடம் இல்லையென்றால் பாரத்தைக் கூட்டு. வெறும் தடித்த கம்பியைப் போட்டால் அது கோல் மாதிரி விறைத்து நல்ல சத்தம் தராது. ஆகவே மெல்லிய உள்கம்பியின் மேல் செம்பைச் சுற்றினார்கள். பாரம் கூடியது, வளையும் தன்மையும் இருந்தது. நாங்கள் பார்த்த அந்தச் செம்புச் சுற்று, ஏழரை மீற்றரை ஒரு மீற்றருக்குள் அடக்கிய கணக்கு.

*இழுவிசைதான் இந்தக் கதையின் வில்லன்*

இப்போது இரும்பு நானாவை நான் ஏன் தடுத்தேன் என்பதற்கு வருகிறேன்.

நல்ல நிலையில் உள்ள ஒரு பியானோவின் ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய ஒரு வளர்ந்த ஆளின் நிறை அளவுக்கு, 70 அல்லது 80 கிலோ விசையில், இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். எல்லாம் சேர்ந்தால் 15 முதல் 20 தொன் வரை வரும். சுமை ஏற்றிய பெரிய லொறி ஒன்றின் பாரம். பழைய பியானோவில் இது குறைந்திருக்கும், ஆனால் இல்லாமல் போகாது. கட்டரால் வெட்டினால் அந்தக் கம்பி முகத்துக்கு நேரே சாட்டை மாதிரி அடிக்கும். கண் போய்விடும். ஒரு பக்கக் கம்பிகளை மட்டும் வெட்டினால் சமநிலை கெட்டு இரும்புச் சட்டமே வெடிக்கவும் கூடும். கழற்றத்தான் வேண்டுமென்றால் முறுக்காணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாப் பக்கமும் சமமாகத் தளர்த்திய பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும். இன்னொன்று: இந்த நிற்கும் வகைப் பியானோவின் பாரமெல்லாம் பின்பக்கம்தான். பிள்ளைகளை விட்டுத் தள்ளச் சொன்னால் மல்லாக்கச் சரிந்துவிடும். வேறு பாடசாலைகளிலும் இப்படிப் பழையது இருந்தால் தயவு செய்து கவனமாக இருங்கள்.

இந்த இழுவிசையை யார் தாங்குவது என்பதுதான் பியானோவின் 300 வருடக் கதை.

இத்தாலியின் பதுவா நகரத்தில் 1655இல் பிறந்த பார்த்தொலொமியோ கிறிஸ்தோபோரி, புளோரன்ஸ் நகரத்து மெடிச்சி இளவரசரிடம் கருவிகள் செய்து பராமரிக்கும் வேலையில் இருந்தார். அந்தக் காலத்துக் கட்டைக் கருவியான ஹார்ப்சிகோர்டில் கம்பியைச் சிறு அலகு ஒன்று சுண்டும். எவ்வளவு மெல்லத் தொட்டாலும், எவ்வளவு பலமாக அழுத்தினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிறிஸ்தோபோரி சுண்டுவதை விட்டுவிட்டுச் சிறு சுத்தியலால் அடித்தார். விரல் எப்படியோ சத்தமும் அப்படி. 1700ஆம் ஆண்டு மெடிச்சி மாளிகையின் பொருட் பட்டியலில் மெதுவாகவும் பலமாகவும் ஒலிக்கும் கருவி ஒன்று பதியப்பட்டிருக்கிறது. கவனியுங்கள், பியானோவின் பிறப்புச் சான்றிதழே ஒரு பொருட் கணக்கெடுப்புப் பட்டியல்தான். எழுதியவர் ஒரு வரியில் "பழைய பெட்டி" என்று எழுதி முடித்திருந்தால் அந்தச் சான்று நமக்குக் கிடைத்திருக்காது.

அவர் செய்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்று: 1720, 1722, 1726 ஆண்டுகளைச் சேர்ந்தவை. நியூயோர்க், ரோம், லைப்சிக் நகர அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1720இன் பியானோவில் அவர் தன் பெயரையும், பதுவா ஊர்க்காரன் என்பதையும், இதைக் கண்டுபிடித்தவன் தானே என்பதையும், புளோரன்ஸில் செய்ததையும், ஆண்டையும் லத்தீனில் எழுதி வைத்தார். "கண்டுபிடித்தவன்" என்ற அந்த ஒரு சொல்லை ஒரு வேலைக்காரன் எழுதத் துணிந்தது பெரிய விசயம். இளவரசரின் பெயரில் எல்லாம் போகும் காலம் அது.

அந்தப் பியானோக்களின் கம்பி மெல்லியது. மரச் சட்டமே போதும். ஆனால் மண்டபங்கள் பெரிதாகின, கூட்டம் கூடியது, சத்தம் போதவில்லை. கம்பியைத் தடிப்பாக்கினார்கள், இழுவிசையைக் கூட்டினார்கள். மரம் வளைய ஆரம்பித்தது.

1817 முடிவில் லண்டனின் தோமஸ் புரோட்வுட், வியன்னாவில் இருந்த பீத்தோவனுக்கு 6 ஸ்தாயிப் பியானோ ஒன்றைக் கப்பலில் அனுப்பினார். அதன் இலக்கம் 7362. அதற்குள், இது பீத்தோவனின் திறமைக்காகக் கொடுத்த அன்பளிப்பு என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. லண்டனில் அதை வாசித்துப் பார்த்த ஐந்து இசைக் கலைஞர்களின் கையெழுத்தும் உள்ளே இருக்கிறது. அது வந்து சேர்ந்தபோது பீத்தோவனுக்குக் காது கேட்பது மிகவும் குறைந்துவிட்டது. சில வருடம் கழித்து அவரைப் பார்க்கப் போனவர்கள் அந்தப் பியானோவுக்குள் கம்பிகள் அறுந்து சிக்கிக் கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று அது புடாபெஸ்ட் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது யாருடையது என்பதற்கு முதல் சாட்சி, உள்ளே இருக்கும் அந்த எழுத்துத்தான்.

மரத்தின் தோல்விக்குப் பதில் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1825இல் பொஸ்டனில் அல்பியஸ் பாப்கொக் ஒரே வார்ப்பாக இரும்புச் சட்டம் செய்து உரிமம் எடுத்தார். அது சதுரப் பியானோவுக்கு. 1843இல் அதே ஊரின் ஜோனஸ் சிக்கரிங் பெரிய பியானோவுக்கு அதைச் செய்தார். இரும்பு வந்த பிறகுதான் தொன் கணக்கில் இழுக்க முடிந்தது.

*நேர்க் கம்பியா, குறுக்குக் கம்பியா?*

இனி, பழைய பியானோ ஒன்றைத் திறந்தவுடன் நீங்களே பார்க்கக்கூடிய பெரிய அடையாளம்.

சில பியானோக்களில் எல்லாக் கம்பிகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, மேலிருந்து கீழ் இறங்கும். சிலவற்றில் இடது பக்கத் தடித்த கம்பிகள் மற்றவற்றின் மேலாகக் குறுக்கே சரிந்து, கீழே வலது பக்கம் போய் முடியும். ஒரு செவ்வகத்தில் பக்கத்தைவிட மூலைவிட்டம் நீளம் என்று தரம் 9இல் படிக்கிறோமே, அதேதான். குறுக்காகப் போட்டால் அதே பெட்டியில் நீளமான கம்பி வைக்கலாம். தடித்த கம்பிகளின் குதிரையும் பலகையின் ஓரத்தை விட்டு நடுவுக்கு வரும். பலகையின் நடுதான் நன்றாக அதிரும்.

பரிஸில் ஹென்ரி பாப் 1828இல் இதற்கு உரிமம் எடுத்தார். ஜெர்மனியிலிருந்து நியூயோர்க் போய்க் குடியேறி 1853இல் தொழில் தொடங்கிய ஸ்டைன்வே குடும்பம், 1859 டிசம்பர் 20ஆம் திகதி பெரிய பியானோவில் குறுக்குக் கம்பிக்கு உரிமம் பெற்றது. 1867இல் பரிஸ் கண்காட்சியில் ஸ்டைன்வேயும் சிக்கரிங்கும் தங்கப் பதக்கம் பெற்ற பிறகு உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் பிரித்தானியத் தொழிற்சாலைகள் பல 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை நேர்க் கம்பியை விடவில்லை.

நம்ம பியானோ? நேர்க் கம்பி. இரும்புச் சட்டமும் முழுதாக இல்லை. மேலே முறுக்காணிகள் இறங்கியிருக்கும் பலகை வெறும் மரமாகத் தெரிகிறது. சத்தத்தை அமர்த்தும் பஞ்சுக் கட்டைகள் சுத்தியல்களுக்கு மேலே இருக்கின்றன. அவற்றை இயக்க முன்னால் வரிசையாகக் கம்பிகள். இங்கிலாந்தில் இதைப் "பறவைக் கூடு" என்பார்கள். பார்த்தால் உண்மையில் கிளிக்கூடு மாதிரியே இருக்கிறது. இந்த மூன்றோடு, 88க்குப் பதில் 85 கட்டை என்பதையும் சேர்த்தால் விடை ஒன்றுதான்: பிரித்தானியாவில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. முகப்பில் பெயரே இல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

*இலக்கங்களை வாசிப்பது எப்படி?*

உள்ளே எத்தனையோ இலக்கங்கள். பிள்ளைகள் முதலில் குழம்பிப் போனார்கள். பிரித்து எழுதியபோது விளங்கியது.

1. பல இலக்கங்கள் கொண்ட ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது தொடர் இலக்கம். நம்ம பியானோவில் மேலே மரப் பலகையில் ஒருமுறை, முதலாவது கட்டையின் பக்கவாட்டில் ஒருமுறை, பின்பக்கத்தில் ஒருமுறை அடித்திருக்கிறது. மூன்றும் ஒன்று. ஆகவே பாகங்கள் மாறவில்லை, ஒரே கருவி. பெரிய தொழிற்சாலைகள் எந்த ஆண்டில் எந்த இலக்கம் என்று பதிந்து வைத்திருப்பதால், பெயரும் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு கிடைக்கும்.

2. இரும்பில் வார்த்த ஆண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது உரிமம் எடுத்த ஆண்டாக இருக்கலாம். 1859 என்று வார்த்த ஸ்டைன்வே சட்டம் அதற்குப் பல வருடம் பிந்தியும் வந்திருக்கும். பதக்கத்தின் ஆண்டும் அப்படித்தான். பதக்க ஆண்டுக்கு முன் செய்திருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. கல்வெட்டில் "இன்ன மன்னன் காலத்தில்" என்று இருந்தால் நாம் எப்படி யோசிப்போமோ அப்படியே இதையும் யோசிக்க வேண்டும்.

3. கட்டையிலும் சுத்தியலிலும் 1, 2, 3 என்று 85 வரை ஓடும் எண், கழற்றியதைத் திரும்ப அதே இடத்தில் வைப்பதற்கு. இடது பக்கத்திலிருந்து தொடங்கும்.

4. ஆணிகளுக்குப் பக்கத்தில் 13, 13½, 14 என்று கூடிக்கொண்டு போகும் சிறு எண்கள் கம்பியின் தடிப்பு. 13 என்றால் 0.775 மில்லிமீற்றர், 20 என்றால் 1.125 மில்லிமீற்றர். நாளைக்கு யாரோ அறுந்த கம்பியை மாற்றும்போது தடுமாறக் கூடாது என்று, முன்பின் தெரியாத ஒருவருக்காக எழுதி வைத்தது.

5. சில பியானோக்களில் ஆணிக்குப் பக்கத்தில் சுரங்களின் எழுத்தும் இருக்கும். அதில் எச் என்ற எழுத்து வந்தால் ஜெர்மன் வழக்கம் என்று சந்தேகிக்கலாம். ஆங்கிலேயர் பி என்று எழுதும் சுரத்தை ஜெர்மானியர் எச் என்று எழுதுவார்கள்.

*நமக்குப் பிடிக்காத ஒரு கோடு*

வெள்ளைக் கட்டைகளைத் துடைத்தபோது ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே முடி போல ஒரு கோடு தெரிந்தது. மேலோடு இரண்டு துண்டாக ஒட்டியிருப்பதன் அடையாளம் அது. டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் மரத்தின் ரேகை மாதிரி மெல்லிய வரிகளும் தெரிந்தன. யானைத் தந்தம்.

பிள்ளைகள் கையை எடுத்துவிட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டில் பியானோக் கட்டைக்கான தந்தத்தில் பெரும் பங்கு கிழக்காபிரிக்காவிலிருந்து சன்சிபார் வழியாகப் போனது. உள்நாட்டிலிருந்து கடற்கரை வரை மனிதர்களின் தோளில்தான் அது வந்தது. கூலிக்குச் சுமந்தவர்களும் இருந்தார்கள், அடிமைகளாகப் பிடிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். இந்த வியாபாரத்தில் பெயர் பெற்ற திப்பு திப் என்ற ஹமத் பின் முஹம்மத் அல் முர்ஜபி, 1905இல் காலமானவர், ஒரு முஸ்லிம். தந்தத்தோடு அடிமை வியாபாரமும் செய்தவர். வாங்கியவர்கள் லண்டனிலும் அமெரிக்காவின் கனெக்டிகட்டிலும் இருந்தார்கள். அங்கே தந்தம் அறுத்ததாலேயே ஐவரிடன் என்று ஓர் ஊருக்குப் பெயர் வந்தது.

"இதை ஏன் சேர் சொல்லணும்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அல் ஃபாராபியின் பெயரைப் பெருமையாகச் சொன்ன அதே வாயால் இதையும் சொல்லாவிட்டால் நான் படிப்பிப்பது வரலாறு இல்லை மகள், வெறும் புகழ்ச்சி என்றேன். ஒரு பொருளை வாசிக்கத் தொடங்கினால் நமக்குப் பிடித்த வரிகளை மட்டும் வாசித்து நிறுத்த முடியாது.

*பென்சில் எழுத்து*

கடைசியாகக் கண்டதுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது.

இடது ஓரக் கட்டையைத் தூக்கியபோது அதன் பக்கவாட்டு மரத்தில் பென்சிலால் எழுத்துக்கள். பியானோவைச் சுதி கூட்ட வருகிறவர்கள் வந்த திகதியையும் பெயரையும் இப்படி உள்ளே குறித்துவிட்டுப் போவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். நம்ம பியானோவில் ஒரே ஆளின் கையெழுத்து பல வருடங்களுக்கு வரிசையாக இருக்கிறது. கடைசித் திகதி அறுபதுகளின் தொடக்கத்தில் நிற்கிறது. 1960, 1961 சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்த காலம் அது. நம்ம பாடசாலையும் அப்போதுதான் மிஷனிடமிருந்து மாறியது. பாடசாலை கைமாறியது பலருக்குக் கதவைத் திறந்துவிட்டது. என் வாப்பா அந்த வாசலால் உள்ளே வந்தவர்களில் ஒருவர். அதே நேரத்தில் இந்தப் பியானோவின் உள்ளே எழுதுவதை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே கட்டையின் ஓரத்தில் தெரிகிறது.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய குடும்பத்தார் இந்த ஊரிலேயே இருக்கக்கூடும். முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும்.

*இனி என்ன செய்யலாம்?*

உண்மையைச் சொல்கிறேன். இந்தப் பியானோ இனி வாசிக்க உதவாது. முறுக்காணிகள் இறங்கிய பலகை பல இடத்தில் பிளந்திருக்கிறது, ஆணி பிடிக்காது. சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி தின்றுவிட்டது. திருத்துவதற்கு ஆகும் காசை நூலகத்துக்குச் செலவழிப்பதுதான் சரி என்று நானே சொல்வேன்.

ஆனால் வாசிக்க உதவாது என்றால் படிக்கவும் உதவாது என்று அர்த்தம் இல்லை. முன் பலகையைக் கழற்றி, கம்பிகளைப் பாதுகாப்பாகத் தளர்த்தி, சுவரோடு அசையாமல் பொருத்தி, முன்னால் ஒரு கண்ணாடி போட்டால் போதும். ஒரு மூலையில் நின்றுகொண்டு கணிதம், விஞ்ஞானம், வரலாறு மூன்று பாடத்துக்கும் உதவும். நம்ம ஓடாவி ஒருவர் கூலி இல்லாமல் செய்து தருவதாகச் சொல்லிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். அடுத்த பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்தில் அதிபர் இதை எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதுவரை பட்டியலில் அந்த வரிக்கு எதிரே "தீர்மானிக்கப்படவில்லை" என்று எழுதியிருக்கிறோம்.

கூட்டத்தில் "பழைய இரும்புக்கு இவ்வளவு கதையா?" என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல எனக்கு உங்கள் உதவி வேண்டும்.

பழைய மாணவர்களே, ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, இந்தப் பியானோ தெரியும் பழைய போட்டோ ஏதும் உங்கள் வீட்டு அல்பத்தில் இருந்தால் அனுப்புங்கள். முகப்பில் இருந்த பெயர் அதில் தெரியக்கூடும். பெயர் கிடைத்தால் தொடர் இலக்கத்தை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். அதைச் சுதி கூட்ட வந்தவரைக் கண்டவர்கள், அதில் வாசித்துக் கேட்டவர்கள் யாரும் இருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். எழுத முடியாத பெரியவர்களிடம் பேரப் பிள்ளைகள் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் வீட்டில் பழைய தையல் மெஷின், சுவர்க் கடிகாரம், தராசு ஏதும் எறியக் கிடந்தால், எறிவதற்கு முன் ஒருக்கா திறந்து பாருங்கள். அதைச் செய்தவரோ திருத்தியவரோ உள்ளே ஏதாவது எழுதி வைத்திருப்பார்.